சுங்கச் சாவடியும் பிரயாணியின் மூட்டையும்

ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டுக்குச் செல்வோன் எவற்றை உடன்கொண்டு போகலாம், எவற்றைக் கொண்டு போகலாகாது என்பதை வரையறுப்பவை சுங்க விதிகள். இவற்றை மேனாட்டார் புதிதாய்க் கொணர்ந்த வழக்கமென எண்ணுதல் பொருந்தாது. சுங்கத்துக்கு உல்கு என்பது பழந்தமிழ்ப் பெயர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே சுங்கங் கொள்வோர் பண்டங்களின்மீது புலி முத்திரை இட்டமையைப் பட்டினப்பாலை கூறும். முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றதும் மாணவர் அறிந்ததே.

நம் தென்காசி வட்டாரத்தார்க்கோ இப்பொருள் ஏட்டிற் கற்பது மாத்திரமன்று. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின்கண் இருக்க, சில மைல் தொலைவிலுள்ள செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும், அதன்பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தையும் சேர்ந்திருந்தது. திருவிதாங்கூரிலே புகையிலை வாணிகம் நெடுங்காலம் அரசாங்கத்தின் தனியுரிமையாயிருந்தது. அதனால் அங்கே விலை மிகுதி. எல்லைக்குக் கிழக்கே விலை குறைவு. விலையில் வேற்றுமை உண்டாகும் எல்லையிற் கள்ளக் கடத்தலும் உண்டாதல் இயல்பு. திவான் மாதவராவ் காலத்தில், 1865-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட உடன்படிக்கையினால் உள்நாட்டு எல்லைச் சுங்கங்களிற் பெரும்பாலன நீங்கின. எனினும் புகையிலைத் தீர்வை நீங்கவில்லை. 1956 நவம்பர் முதல் தேதி செங்கோட்டை சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. பின்னர், 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சாவடிகளும் ஒழிந்தன.

ஆயினும் அதே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து திருவனந்தபுரம் விமான நிலையஞ் சென்று, வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருவோர் நம்மிடையே பலர். அவர்கள் தாயகம் திரும்புங்கால் எதிர்ப்படுவது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். அதன் அடிப்படை எளிது. பிரயாணி தன் உபயோகத்துக்கும் குடும்பத்தார் உபயோகத்துக்கும் கொணர்வது மூட்டை. விற்பனைக்குக் கொணர்வது சரக்கு. மூட்டைக்கு ஓரளவு விலக்கு உண்டு. சரக்குக்கு அவ்விலக்கு இல்லை. மூட்டையில் உள்ளவற்றை உரியவனே அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டுமென 77-ஆம் பிரிவு விதிக்கிறது. தீர்வைக்குரிய பொருள் உடையோர் சிவப்பு வழியிலும், இல்லாதோர் பச்சை வழியிலும் செல்வர். உண்மையை அறிவித்தவனுக்குச் சட்டம் இரக்கமுங் காட்டுகிறது: தீர்வைக்குரிய பொருளை அதிகாரியிடம் ஒப்புவித்து, இந்தியாவை விட்டு மீளும்போது திரும்பப் பெற்றுக்கொள்ள 80-ஆம் பிரிவு இடந்தருகிறது. மறைத்தவனுக்கோ பொருள் பறிமுதலும் தண்டமும் நேரும்.

வருவாய் ஒன்றே விதிகளின் நோக்கமன்று. குற்றாலத்துச் சாரற் காலத்தில் நாம் விரும்பி வாங்கும் மங்குஸ்தான், ரம்புட்டான் முதலியன மலாய் நாட்டுப் பக்கத்துக் கனிகள். கீழ்த்திசைத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் கும்பினியார் காலத்தில் இம்மலைக்கு வந்தன. அங்ஙனமாயின் இன்று ஒருவன் அயல்நாட்டு விதையையோ கன்றையோ அனுமதியின்றிக் கொணர்தலைத் தடுப்பதேன்? செடியோடு அதன் நோயும் வரக்கூடும் என்பதே காரணம். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களிற் காணப்பட்ட இலைத்துரு நோய் நாளடைவில் அத்தொழிலை அழித்தது. அங்கு உழைத்த தமிழ்க் கூலியாட்கள் பட்ட துன்பம் சிறிதன்று.

இனி, நம் இளைஞர் சிறப்பாய் உணரவேண்டியது ஒன்றுண்டு. பிரயாணந் தொடங்குமுன் அறிமுகமற்ற ஒருவர் வந்து, "தம்பி, இச்சிறு பொட்டலத்தை அங்குள்ள என் உறவினரிடம் சேர்ப்பித்துவிடு" என்று வேண்டுதல் உண்டு. மறுப்பது நாகரிகமன்றெனக் கருதி வாங்கிக்கொள்வோரும் உளர். வாங்கிய கணமே அப்பொட்டலம், சட்டத்தின் முன், சுமப்பவனுடையதாகிறது. போதைப் பொருள் உள்ளே இருப்பின், "யாதென்று அறியேன்" எனக் கூறுதல் போதாது. அறியாமையை மெய்ப்பிக்கும் பாரம் அவன்மேலேயே விழும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்துவோர்க்கு மரணதண்டனை விதிக்கச் சட்டம் உண்டு. பதினைந்து கிராம் ஒரு கைப்பிடியளவும் ஆகாது.

ஆதலின் கடல்கடந்து செல்லும் மாணவர் தம் மூட்டையைத் தாமே கட்டுக. பிறர் தந்ததைப் பிரித்துப் பாராது ஏலாதிருக்க. செல்லும் நாட்டின் விதிகளைப் புறப்படுமுன் கேட்டறிக. ஐயமுள்ள பொருளை அதிகாரி வினவுமுன் தாமே அறிவிக்க. அங்ஙனஞ் செய்வோர்க்கு எந்நாட்டுச் சுங்கச் சாவடியிலும் அஞ்சி நிற்கவேண்டிய நிலை நேராது.