தவறில்லாவிடினும் பொறுப்பு உண்டா?

நாம் எறிந்த பந்து அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டால், "வேண்டுமென்று செய்யவில்லையே!" என்கிறோம். ஆனால் அதனால் உடைந்த கண்ணாடி ஒட்டிக்கொள்வதில்லை. நட்டத்தைத் தாங்குவது யார்? இதனை ஆராய்வதே தீங்கியல் சட்டம்.

பொதுவாக, நட்டஈடு கேட்பவர் எதிர்த்தரப்பாரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். இவ்விதிக்கு விலக்காக எழுந்த இரு கோட்பாடுகளைக் காண்போம்.

முதலாவது கடும் பொறுப்பு. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி, ஒப்பந்தக்காரரைக் கொண்டு நீர்த்தேக்கம் அமைத்தார். அதனடியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருந்ததை அவர் அறியார். 1860-இல் நீர் அவற்றின் வழியே பாய்ந்து, பிளெச்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் மீது தவறில்லை. ஆயினும் அவரே பொறுப்பு என்று 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆபத்தானதைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது வெளியேறித் தீங்கு செய்தால் ஈடு செய்ய வேண்டும். எனினும், இயற்கையின் சீற்றம், அந்நியர் செயல், பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு போன்றவற்றைக் காட்டி அவர் தப்பலாம்.

இரண்டாவது முழுமையான பொறுப்பு. இது நம் நாட்டில் பிறந்தது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, டில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா வழக்கில், தலைமை நீதிபதி பகவதி அவர்களும் நால்வரும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 1986 டிசம்பர் 20 அன்று புதிய விதியை வகுத்தது. அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனம் எந்தச் சாக்கும் சொல்ல இயலாது. ஆலைக்குள் உழைப்பவருக்கும் வெளியே வசிப்பவருக்கும் அது பொறுப்பு. நிறுவனம் எவ்வளவு பெரியதோ, ஈட்டுத்தொகையும் அவ்வளவு பெரியதாக வேண்டும்.

இது கடுமையன்றோ எனத் தோன்றலாம். சிந்திப்போம். வாயுவால் கணவனை இழந்த ஏழைத்தாய், ஆலையின் குழாயில் நேர்ந்த பழுதை எங்ஙனம் கண்டறிவாள்? அபாயத்தை அறியவும் தடுக்கவும் வசதி படைத்தது நிறுவனமே, இலாபமும் அதற்கே. ஆகவே சுமையும் அதனுடையதே.

தோழியரே, "தவறு யாருடையது?" என்று கேட்குமுன், "துன்புறுபவர் யார்?" என்று கேட்கக் கற்போமாக!