கணக்குச் சொல்லும் கை

மயூர் விஹாரில் நான் தனிப்பாடம் சொல்லச் செல்லும் தமிழ் வீட்டில் மாலைதோறும் ஒரு வேடிக்கை. கூடத்தில் அக்காள் பாட்டுப் பயில்கிறாள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பின்னர்த் தட்டும் வீச்சும் இருமுறை என ஆதிதாளத்தின் எட்டையும் தொடையில் எண்ணுகிறாள். அது கலை! உள்ளறையில் தம்பி ஏழையும் ஐந்தையும் கூட்ட விரலை மடக்கினால் குற்றம். தந்தையார் வரும் ஓசை கேட்டதும் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொள்கிறான். ஒளிக்க வேண்டிய கைதானா அது?

வாக்கியத்தில் பொருளுக்குப் பொருந்தாத சொல் வந்தால், ஏறத்தாழ 400 மில்லிநொடியில் மூளையில் தனியொரு மின்னலை உச்சம் பெறுகிறது. கூட்டாஸ், ஹில்யார்டு என்போர் 1980-இல் இதனை வெளியிட்டனர். வாய் ஒன்று சொல்லக் கை வேறொன்று காட்டும்போதும் அத்தகைய அலை எழுவதைப் பின்வந்தோர் கண்டனர். கையசைவிலும் மூளை பொருள் தேடுகிறது என்பது இதனால் விளங்கும்.

விரலுக்கும் எண்ணுக்கும் உள்ள உறவோ இன்னும் நெருங்கியது. தம் விரல்களையே இன்னதென்று அறிய மாட்டாத ஒரு பெண்மணியைப் பற்றி வியன்னா மருத்துவர் கெர்ஸ்ட்மன் 1924-இல் எழுதினார். இக்குறையோடு கணக்கிடும் ஆற்றலும் கெடுவதுண்டு எனப் பின்னர் அறியப்பட்டது. இடப்புற மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளியுள்ள பகுதி பழுதுபடுவதே காரணம் என்பர்.

என்னை மிகவும் கவர்ந்தது, சிக்காகோப் பல்கலைக்கழகத்துக் கோல்டின்-மெடோ அம்மையார் தம் துணைவர் இருவருடன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. 6+3+4 = ? +4 போன்ற கணக்குகள் அவை. இத்தகையவற்றில் சிறுவர் பலர் இடப்புறம் முழுவதையும் கூட்டி 13 என்று எழுதிவிடுவர். ஆய்வாளர்கள் ஒரு குழுவினரை 6, 3 இரண்டின் கீழும் இரு விரல்களை வைத்துப் பின் வெற்றிடத்தைச் சுட்டுமாறு பழக்கினர். “இவ்விரண்டையும் சேர்” என்று ஆசிரியர் சொல்லவில்லை, சிறுவரும் சொல்லவில்லை. எனினும் பாடம் முடிந்தபின் அவ்வழியைச் சிறுவர் தம் வாயாலேயே விளக்கினர்! இன்னொரு வியப்பு: தவறான இணையின் கீழ் விரல் வைக்கப் பழகியவர்கூட, கையசைக்காதவரைவிட மிகுதியாகக் கற்றனர். கை முதலில் கற்றது; வாய் பின்னால் வந்தது.

விரலிலேயே நின்றுவிடலாகாது என்பாரை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏறும்போதே ஏணியைப் பறிப்பானேன்?

சென்ற வாரம் தம்பிக்கு இக்கணக்கையே கொடுத்தேன். 13 என்று எழுதினான். இரு விரல்களை எண்களின் கீழ் வைக்கச் சொன்னேன். கையை வெளியே எடுக்குமுன் வாயிற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.