கணினி எழும்பாவிடில்

காலையில் கடை திறந்து கணினியை முடுக்குகிறோம். திரையில் இரண்டு வரி மின்னி மறைகிறது. கணினி தானே அணைந்து மறுபடி எழ முயல்கிறது. பழுது பார்ப்பவரிடம், "ஏதோ வந்தது, போய்விட்டது" என்கிறோம். அவரும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தருகிறார். கணினி பிழைத்தது, பேரேடு போயிற்று!

மறைந்த அவ்விரண்டு வரிதான் நோயின் பெயர். அதைப் பிடிக்கும் வழி இதோ:

1. விசையை அழுத்துமுன் கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்குக. பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொள்க.

2. 'பீப்' ஒலி கேட்டால், எத்தனை, நெடிதா குறிதா என்று எண்ணுக. அதன் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்; ஆதலின் கணினியின் பெயரையும் குறிக்க.

3. நீலத்திரை நில்லாது மறைந்தால்: விண்டோஸ் 10, 11 அடுத்தடுத்து எழும்பத் தவறினால், பெரும்பாலும் மீட்புத் திரை தானே வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' எனச் சென்று 9 அழுத்துக. அதன்பின் நீலத்திரை வந்தால் நிற்கும்.

உதாரணமாக, 'இன்அக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்' என்றால், விண்டோஸ் உள்ள வட்டை அணுக முடியவில்லை என்று பொருள். பேரேடு அதில் பத்திரமாக இருக்கலாம். அழிக்கச் சம்மதிக்குமுன் நகல் எடுக்கச் சொல்லுங்கள்.

வட்டு 'டிக் டிக்' என்று தட்டினால் மட்டும் சோதனை வேண்டாம், உடனே அணைத்துவிடுக.

கடன் கொடுத்தால் குறித்து வைப்பவர்கள் நாம். இவ்விரண்டு வரியையும் குறித்து வைப்போமாக!