அப்பம் சுடுவோம்: மா புளிக்கும் பக்குவம்

இடம்பெயர்ந்து வாழும் வீட்டில் அரைக்கிலோ அரிசியும் பெறுமதியானது. அப்பமா பொங்காமற் போனாலோ, அளவுக்கு மீறிப் புளித்தாலோ அரிசி, தேங்காய், விறகு யாவும் வீணாகிவிடும். அப்பம் விற்று நாலு காசு தேடும் குடும்பத்துக்கு அன்றைய வருமானமும் இல்லை. எனவே, மா எவ்வாறு பொங்குகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

மா பொங்குவது ஏன்?

கள்ளில் மதுவம் என்னும் நுண்ணுயிர் இயற்கையாகவே உண்டு. கடையில் வாங்கும் ஈஸ்ற் உலர்த்திய மதுவமே. இது சீனியை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளியிடுகின்றது. அவ்வாயு மாவினுள் அகப்பட்டுக் குமிழாகின்றது. அப்பத்தில் நாம் காணும் கண்கள் இவைதான். இளஞ்சூட்டில் மதுவம் நன்கு வளரும், குளிரில் மந்தமாகும், கொதிநீரில் இறந்துவிடும். உப்பு கூடினாலும் மந்தமாகும்.

தேவையானவை

பச்சையரிசி 500 கிராம், தேங்காய் 1, ஈஸ்ற் 1 தேக்கரண்டி (அல்லது வடித்த புதுக்கள்ளு அரைக் கோப்பை), சீனி 3 தேக்கரண்டி, உப்பு அளவாக.

செய்முறை

1. அரிசியை 4 மணித்தியாலம் ஊறவைத்து, நீரை வடித்து, இடித்து அரித்தெடுப்போம்.

2. மிஞ்சும் கப்பியில் 3 மேசைக்கரண்டியை ஒரு கோப்பை நீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிடுவோம். அப்பம் மெதுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். கப்பி இல்லையேல் ஒரு பிடி சோற்றை மசித்துச் சேர்க்கலாம்.

3. கால் கோப்பை இளஞ்சூட்டு நீரில் 1 தேக்கரண்டி சீனியையும் ஈஸ்ற்றையும் கரைத்து 15 நிமிடம் வைப்போம். நுரைத்தால் நல்லது. நுரைக்காவிட்டால் அது பழுதானது. மாவில் சேர்க்கக் கூடாது. கள்ளுக்கு இச்சோதனை தேவையில்லை.

4. மா, கஞ்சி, ஈஸ்ற் மூன்றையும் சேர்த்து, கொதித்தாறிய நீர் விட்டுத் தடிப்பாகக் குழைப்போம். மா பொங்குமாதலால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. துணியால் மூடி இரவு முழுவதும், ஏறத்தாழ 8 மணித்தியாலம், வைப்போம்.

5. காலையில் உப்பு, மிகுதிச் சீனி, தேங்காயின் முதற்பால் சேர்த்து ஊற்றும் பதத்துக்குக் கரைத்து அரை மணித்தியாலம் விடுவோம். பாலை இரவிலேயே சேர்த்தால் மா விரைவில் பழுதாகும்.

6. தாச்சியில் நல்லெண்ணெய் தடவி, ஓர் அகப்பை மா ஊற்றிச் சுழற்றி மூடுவோம். அளவான நெருப்பில் 3 நிமிடமளவில் ஓரம் சிவந்து நடு வெந்துவிடும். நடுவில் முட்டை உடைத்து ஊற்றினால் பிள்ளைகளுக்குப் புரதமும் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

புளிப்பு மிகுந்தால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போதும். கூடினால் அப்பம் மஞ்சளாகும், சவர்க்காரச் சுவை தரும், விற்றமின் பி1 சத்தும் அழியும். மாவில் பூஞ்சணமோ, இளஞ்சிவப்பு நிறமோ, கெட்ட மணமோ தோன்றினால் சோடாவிட்டு மறைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

விற்பதற்குச் சுடுவோர் முதலில் 500 கிராம் அரிசியுடன் தொடங்குவது நல்லது. அரிசி, தேங்காய், விறகு ஆகியவற்றின் செலவுடன் எமது உழைப்பையும் எழுதிக் கணக்கிட்ட பின்பே விலையைத் தீர்மானிப்போம். வீட்டுப் பிள்ளைகளின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிகுதியை விற்போம்.