கம்பைலர் முன்பே சொல்லியிருந்தது

எங்கள் அலுவலகத்தில் நான்கு புராஜெக்டுகள் ஒரே சி லைப்ரரியை நம்பி ஓடின. பில்ட் கொடுத்தால் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் திரையில் ஓடும். கடைசியில் எரர் இல்லையென்றால் போதும் என்று விட்டுவிடுவோம். 32 பிட் மெஷினிலிருந்து 64 பிட்டுக்கு மாறியதும் புரோகிராம் அவ்வப்போது கிராஷ் ஆனது. இரண்டு நாள் தேடினோம். ஒரு ஃபைலில் ஹெடர் ஒன்றைச் சேர்க்காமல் விட்டிருந்தோம். முன்கூட்டி அறிவிக்காத ஃபங்ஷன் 'இன்ட்' தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொண்டது. உண்மையில் அது தந்தது பாயின்டர். 64 பிட் முகவரியில் மேல்பாதி வெட்டுப்பட்டுப் போனது. இதைக் கம்பைலர் ஒவ்வொரு பில்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அத்தனை எச்சரிக்கைகளின் கூட்டத்தில் அது எங்கள் காதில் விழவில்லை. 2024-ல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் இதே தவறை எரராகவே நிறுத்திவிடுகிறது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை இவை.

ஹெடரிலிருந்து தொடங்குங்கள். சி ஃபைலில் உள்ள எச்சரிக்கை நம் பில்டோடு நின்றுவிடும். ஹெடரில் உள்ளதோ, அதை இன்க்ளூட் செய்யும் ஒவ்வொருவர் திரையிலும் வரும். அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பான ஆப்ஷன்கள் வைத்திருக்கலாம். 'டபிள்யூ-ஆல்' என்ற ஆப்ஷனின் பெயரை நம்பி எல்லாம் சோதிக்கப்பட்டது என்று நினைக்க வேண்டாம். சைன்டு, அன்சைன்டு எண்களை ஒப்பிடும் தவறைச் சி கோடில் பிடிக்க ஜிசிசிக்கு 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா'வும் வேண்டும்.

எச்சரிக்கைகளை வகை வகையாகத் தீர்த்துவிடுங்கள். முதலில் அறிவிக்காத ஃபங்ஷன், அடுத்து பிரின்ட்எஃப் ஃபார்மட், பிறகு மதிப்பு வைக்காத மாறிகள். ஒரு வகை பூஜ்யமானதும் அந்த வகையை மட்டும் எரராக மாற்றிப் பூட்டிவிடுங்கள். திரும்ப முளைக்காது.

எல்லா எச்சரிக்கையையும் எரராக்கும் 'டபிள்யூ-எரர்' நம் சோதனை பில்டில் மட்டும் இருக்கட்டும். வெளியே கொடுக்கும் சோர்ஸில் வைத்தால், புதிய கம்பைலர் ஒரு புது எச்சரிக்கை கொண்டுவரும் நாளில், நம் கோடைத் தொடாதவரின் பில்ட் உடையும்.

டைப்பை மாற்றும் காஸ்ட் போட்டுக் கம்பைலரின் வாயை அடைக்காதீர்கள். -1 அன்சைன்டாக மாறினால் மிகப்பெரிய எண்ணாகிவிடும். காஸ்ட் அதைத் தடுக்காது, மறைக்கும். மாறியின் டைப்பைத் திருத்துங்கள். ஆனால் பொது ஃபங்ஷனின் பாராமீட்டரை 'இன்ட்'டிலிருந்து 'சைஸ்-டி'க்கு மாற்றினால், ஏற்கெனவே கம்பைல் செய்து லிங்க் செய்தவர்களின் புரோகிராம் பிசகும். அதை அடுத்த பெரிய வெர்ஷனுக்கு ஒதுக்கி, இப்போதைக்கு உள்ளே வரம்பைச் சரிபாருங்கள்.

ஓர் எச்சரிக்கையை அடக்கியே ஆகவேண்டுமென்றால், பிராக்மா புஷ், பாப் போட்டு அந்தச் சில வரிகளுக்குள் மட்டும் அடக்கி, காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

காரணம் தெரியாமல் அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் லினக்ஸ் சாட்சி. நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கையைப் போக்க, 2006-ல் அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் கோடில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அதோடு ரேண்டம் எண்ணுக்கான மூலப்பொருளில் புராசஸ் ஐடி மட்டுமே மிஞ்சியது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 வாய்ப்புகள்தான். 2008 மே மாதம் இது வெளியே வந்தபோது, பலவீனமான சாவிகளை எல்லாம் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. நீக்கிய இரண்டு வரிகள் ஒரு லைப்ரரியில் இருந்தவை என்பதால், பாதிப்பு அதை நம்பிய எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் லைப்ரரி இன்று ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் பில்ட் ஆகிறது. அதனால்தான் புதிதாக ஒன்று வந்தால் அன்றே கண்ணில் படுகிறது, அன்றே உட்கார்ந்து பார்க்கிறோம்.