மரப்பாச்சிக்குப் புடவை

கேள்வி: வீட்டில் கிடக்கும் பழைய துணிகளில் பொம்மைக்கு உடை தைக்கலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: தாராளமாக! தமிழ்நாட்டுக்கு இது புதிதே இல்லை. கொலுவில் வைக்கும் மரப்பாச்சி ராஜா ராணி ஜோடிக்கு உடுத்திவிடுவது காலங்காலமாக வீட்டுப் பெண்களின் கைவேலைதான். இற்றுப்போன பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை ராணிக்குப் புடவையாகும், பழைய வேட்டிக்கரை ராஜாவுக்கு அங்கவஸ்திரமாகும்.

சின்ன பொம்மைக்கு ஜீன்ஸ் துணி ஆகாது. மடியாமல் விறைத்து நிற்கும். நைந்த கைக்குட்டை, மல் துணி, ரவிக்கை பிட் இவையே தோது. ஒற்றையாய்ப் போன சாக்ஸின் கணுக்கால் பகுதியை வெட்டி மாட்டினால், தையலே இல்லாமல் ஒரு கவுன். ஓரம் பிரியாமலிருக்க மடித்து ஃபெவிகால் தடவினால் போதும். வீட்டில் துணி தீர்ந்துவிட்டால் தெருமுனைத் தையல்காரரிடம் வெட்டுத்துணி கேளுங்கள், குப்பைக்குப் போவதுதானே!

அந்த வெட்டுத்துணிக்குப் பெரிய கதை ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று காசிமேடு, எண்ணூர் கரைகளையும் தாக்கிய சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் 'உபாசனா' ஆடை நிறுவனம் தன் சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. 'சுனாமிகா' என்று பெயர், விரலளவுதான் இருக்கும். அதை விலைக்கு விற்பதில்லை, பரிசாகவே தருகிறார்கள்.