சூட்டில் விரியாத கண்ணாடிப் பீங்கான்

கொதிநீர் ஊற்றினால் எளிதில் விரிசல் விடுவது தடித்த கண்ணாடி டம்ளரா, மெல்லிய டம்ளரா? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ‘மெல்லியது’ என்றே பல மாணவர்கள் சொல்வார்கள். உண்மையில் தடித்த டம்ளருக்கே ஆபத்து அதிகம். அதன் உட்பக்கம் உடனே சூடாகி விரிகிறது. வெளிப்பக்கத்தை வெப்பம் எட்டத் தாமதமாகிறது. இந்த இழுபறியில்தான் கண்ணாடி உடைகிறது. ஆகவே, சூட்டைத் தாங்கத் தடிமன் போதாது. வெப்பத்தால் விரியாத பொருள் வேண்டும். அதுவே கண்ணாடிப் பீங்கான். பல இண்டக்‌ஷன் அடுப்புகளின் மேல்தட்டு இதனால் ஆனது.

கண்டுபிடிப்பு

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன அறிவியலாளர் டொனால்டு ஸ்டூக்கி, ஒரு கண்ணாடித் தகட்டை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்க உலையில் வைத்தார். உலைக் கோளாறால் வெப்பநிலை 900ஐ எட்டியது. தகடு உருகவில்லை, வெண்மையாக மாறியிருந்தது. இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்படிகங்கள் வளர்ந்திருந்தன. பின்னர் கலவையை மாற்றி உருவாக்கிய சமையல் பாத்திரங்கள் 1958இல் விற்பனைக்கு வந்தன.

தயாரிப்பு

1. சிலிக்கா, அலுமினா, லித்தியம் ஆக்சைடு ஆகியவற்றுடன் சிறிதளவு டைட்டானியம் டை ஆக்சைடு சேர்த்து, சுமார் 1600 டிகிரியில் உருக்கி வடிவமைப்பர்.
2. குளிர்ந்த கண்ணாடியை ஏறத்தாழ 750 டிகிரிக்குச் சூடாக்க, எண்ணற்ற படிக விதைகள் தோன்றும்.
3. வெப்பநிலையை மேலும் உயர்த்த, விதைகளைச் சுற்றிப் படிகங்கள் வளரும்.

அடுப்புத் தட்டில் உள்ள இப்படிகங்கள் சூட்டில் சற்றே சுருங்கும். எஞ்சிய கண்ணாடி விரியும். இரண்டும் ஈடாகிவிடுகின்றன.

சோதனை

மாதிரியை உலையில் சூடாக்கி, குளிர்நீரில் போட்டு, விரிசலைத் தேடுவர். விரிசல் விடும்வரை வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்துவர். இதை வகுப்பில் செய்ய வேண்டாம். கண்ணாடிச் சில்லுகள் தெறித்துக் கண்ணைத் தாக்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க வகுப்பு: 40 மாணவர்களில் இருவரை ‘விதை’ ஆக்குங்கள். மற்றவர்கள் அவர்களைச் சமமாகச் சூழ்ந்தால் 20 பேர் கொண்ட இரு குழுக்கள் அமையும். அடுத்து 10 விதைகள். இப்போது குழுவுக்கு நால்வர். விதை கூடினால் படிகம் சிறிதாகும் என்பதை அவர்களே சொல்வார்கள்.

பத்தாம் வகுப்பு: ஒரு மீட்டர் தண்டை 100 டிகிரி சூடேற்றினால் நீளம் எவ்வளவு கூடும்? சாதாரணக் கண்ணாடி சுமார் 0.9 மி.மீ., ஆய்வகப் போரோசிலிகேட் கண்ணாடி 0.33 மி.மீ., அடுப்புத் தட்டின் கண்ணாடிப் பீங்கான் 0.1 மி.மீட்டருக்கும் குறைவு. நீள் விரிவுக் குணகங்களை மாணவர்களே கணக்கிடட்டும். பிறகு முதல் கேள்வியை மீண்டும் கேளுங்கள். இம்முறை விடையோடு காரணமும் வரும்.